பக்கத்தில் தெரியாத நான்கு வரிகள்

திருவொற்றியூர் குப்பம்
3 ஜூலை 2024

அன்புத் தம்பி விமலுக்கு,

அக்கா பவானி எழுதுவது. நானும் அண்ணனும் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். அண்ணனுக்குச் சர்க்கரைதான் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மாத்திரையை நீட்டினால், "மீனு துன்றவனுக்கு இன்னாடி சக்கர" என்கிறார். உனக்குப் புனே மழை ஒத்துக்கொள்கிறதா? தலையைத் துவட்டாமல் படுக்காதே.

இதைப் போனில் சொன்னால் ஏலச் சத்தத்தில் பாதி கேட்காது, மீதியை நீ மறந்துவிடுவாய். அதனால்தான் மெயில். என் குறிப்புகளை எல்லாம் நீ கேட்ட ஃபோல்டரில் போட்டுவிட்டேன். மூன்று வருஷமாகக் காசிமேட்டில் மீன் எடுக்கக் காத்திருந்த நேரத்தில் போனில் தட்டியது. படம் கிடையாது, கலர் கிடையாது, வெறும் எழுத்து. காற்று மேற்கே திரும்பி மணலி ஆலை வாடை வந்த நாட்கள், டோல்கேட்டில் கால் கிலோ இறாலுக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுகிற வாத்தியார், எல்லாம் அதில் இருக்கிறது. இதை வைத்து எனக்கு ஒரு பிளாக் கட்டித் தருகிறேன் என்றாய். வாய் விட்டவன் நீ, கட்டிக் கொடு.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். "கடலுக்குள் தோட்டம்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. மே மாதம் அண்ணனும் அவரோடு படகில் போகிற கஸ்பார் அண்ணனும் மீன் வந்து அடையத் தென்னந்துண்டும் உடைந்த கிணற்று உறையும் கல்லோடு கட்டிக் கடலில் இறக்கினார்களே, அந்தப் பாரைப் பற்றியது. இப்போது அதில் கடம்பா, அந்தப் பெரிய கணவாய், வந்து முட்டை வைத்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று நான்கு வரி கீழே எழுதி வைத்திருக்கிறேன். அண்ணன் ஒருநாள் படகிலேயே மயங்கி விழுந்தாரே, அன்று பயந்து, அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது காதில் விழுந்ததை எழுதியது. எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. அந்த நான்கு வரியை அழித்துவிடட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா பவானி

*

புனே
9 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

விமலின் வணக்கம். மழை கொட்டுகிறது, துவட்டிவிட்டுத்தான் படுக்கிறேன். அண்ணனை நான் திட்டியதாகச் சொல். திட்டு என் பெயரில் இருக்கட்டும், மாத்திரையை அண்ணி கையால் கொடுக்கச் சொல்.

உன் குறிப்புகளை ஒரே மூச்சில் படித்தேன். வாத்தியார் கதையைப் படித்துச் சிரித்ததில் பக்கத்து ரூம்காரன் கதவைத் தட்டினான். இத்தனை வருஷம் இதைப் போனுக்குள் பூட்டி வைத்திருக்கிறாயே.

நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதிவிட்டேன். நீ எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். இப்போது எழுதுவது போலவே எழுது. முதல் வரி தலைப்பு. ஃபைல் பெயரில் தேதி. அதை ஃபோல்டரில் போட்டால் அன்றிரவே பிளாகில் ஒரு பக்கமாகிவிடும். ஒரு வரிக்கு முன்னால் // என்று இரண்டு சாய்கோடு போட்டால் அந்த வரி பக்கத்தில் வராது. எனவே பார் இருக்கும் இடத்தை அழிக்காதே. அது உனக்குத் தேவைப்படும் விஷயம். நான்கு வரிக்கும் முன்னால் சாய்கோடு போடு, போதும். நான் பொறுப்பு.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "மூல எழுத்து" என்று ஒரு சுட்டி வைத்திருக்கிறேன். அதைத் தொட்டால் நீ போனில் தட்டிய எழுத்து அப்படியே திறக்கும். ஆபீஸில் காட்டினேன், அசந்துவிட்டார்கள்.

அண்ணன், அண்ணிக்கு என் வணக்கம்.
விமல்

*

திருவொற்றியூர் குப்பம்
28 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். நீயும் அப்படியே இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொண்டேன்.

பிளாகைப் பார்த்தேன். என் பேர் மேலே கொட்டை எழுத்தில் இருக்கிறது. அண்ணியிடம் காட்டினேன், போனைப் புடவையில் துடைத்துவிட்டுப் பார்த்தாள். டோல்கேட் வாத்தியாரும் படித்துவிட்டார். அவரைப் பற்றி எழுதியது அவருக்கே தெரியவில்லை, "யாரும்மா அந்தக் கஞ்சன்" என்று என்னிடமே கேட்கிறார். நான் மீனைக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கும் கஸ்பார் அண்ணனுக்கும் "கடலுக்குள் தோட்டம்" பக்கத்தைப் படித்துக் காட்டினேன். வலை பின்னிக்கொண்டே கேட்டார்கள். கஸ்பார் அண்ணன், "ராமு, நம்மள கூட எய்திக்கீது பாரு, அத்தயும் நல்லாத்தான் எய்திக்கீது" என்று வெட்கப்பட்டார். அண்ணன் மட்டும், "எல்லாம் செரி, எடம் எங்கன்னு எவனுக்கும் தெரிய கூடாது. பெரிய போட்டுக்காரன் மடி வலைய எறக்கினா ஒரே நாள்ல வாரிகினு பூடுவான்" என்றார். தெரியாது அண்ணா என்றேன். நீ சொன்னபடி சாய்கோடு போட்டிருக்கிறேன். பக்கத்தை இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டேன், அந்த வரிகள் இல்லை.

தினமும் அந்தப் பாரிலிருந்து ஒரு கூடை கடம்பா வருகிறது. இந்த வருஷம் வேறெதற்கும் அண்ணன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்புடன்,
அக்கா பவானி

*

புனே
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீங்கள் அனைவரும் நலம்தானே.

ஒரு சந்தோஷச் செய்தி. "கடலுக்குள் தோட்டம்" பக்கத்தை எங்கள் பழைய பள்ளிக்கூட வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். காசிமேடு, ராயபுரம், எண்ணூர் என்று எல்லாப் பையன்களும் இருக்கிறார்கள். இருபது பேருக்கு மேல் கைதட்டினார்கள். விசைப்படகு வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒருவன், "உங்க அக்கா கெத்து மாமு" என்று போட்டிருக்கிறான். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறவிடாத ஊரில் உன்னைக் கெத்து என்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த குறிப்பைச் சீக்கிரம் போடு.

விமல்

*

திருவொற்றியூர் குப்பம்
7 செப்டம்பர் 2024

தம்பி விமலுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் இல்லை, இருந்தாலும் நீ நன்றாக இரு.

பார் போய்விட்டது. மூன்று விசைப்படகு நேராக அங்கே வந்து மடி இழுத்திருக்கிறது. தேடி அலையவில்லையாம், தெரிந்த வீட்டுக்கு வருவது போல வந்தார்களாம். அண்ணன் போய்ப் பார்த்தபோது தென்னந்துண்டு ஒன்று மேலே மிதந்துகொண்டிருந்தது, அதில் கடம்பா முட்டை ஒட்டியிருந்தது. அதைப் படகில் தூக்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அண்ணன், கஸ்பார் அண்ணன். கஸ்பார் அண்ணன் மனைவி தேவகிருபை அண்ணியின் தம்பி காசிமேட்டில் விசைப்படகில்தான் வேலை செய்கிறான். அதுபோதாதா? கஸ்பார் அண்ணன் நம் ஊரில் பிறந்தவரும் இல்லை. கோயில் வாசலில் ஊர் கூடியது. "உன் மச்சானுக்கு சொன்னியா இல்லியா" என்று கேட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார். அண்ணன் எழுந்து போய் அவர் முகத்தில் துப்பிவிட்டார். பதினைந்து வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள்.

கஸ்பாரை இனி இந்தக் குப்பத்தில் யாரும் படகில் ஏற்றக்கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை. உன்னிடம் சொன்னால் கொஞ்சம் ஆறும் என்றுதான் எழுதுகிறேன்.

பவானி

*

புனே
8 செப்டம்பர் 2024
(எழுதி, அனுப்பாமல் வைத்தது)

அக்கா,

கஸ்பார் அண்ணன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

சாய்கோடு போட்ட வரி பக்கத்தில்தான் வராது. அடியில் "மூல எழுத்து" என்று ஒரு சுட்டி வைத்தேனே, அது நீ எழுதியதை ஒன்றுவிடாமல் திறந்து காட்டும், சாய்கோட்டையும் சேர்த்து. எண்ணூர் புகைக்கூண்டு இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக மறைய வேண்டும், காட்டுப்பள்ளி கடைசி கிரேன் எந்தப் பக்கம் தெரிய வேண்டும், எத்தனை பாகம் ஆழம், எல்லாம். இப்போது திறந்து பார்த்தேன். நான்கு வரியும் உட்கார்ந்திருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூட குரூப்பில் நான் போட்டது பிளாக் பக்கத்தின் சுட்டி இல்லை. மூல எழுத்தின் சுட்டி. என் அக்கா எந்த ஜிகினாவும் இல்லாமல் வெறும் டெக்ஸ்டில் எழுதுகிறாள், அதை நான் பிளாக் ஆக்குகிறேன் என்று பீற்றிக்கொள்ள. அழிக்கட்டுமா என்று நீ கேட்டாய். நான் பொறுப்பு என்றேன்.

இதை உனக்கு அனுப்பினால் அண்ணன் முகத்தில் நான் எப்படி

*

புனே
19 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, ஆபீஸில் வேலை அதிகம்.

பார் போனது கேட்டு வருத்தமாக இருந்தது. கடலில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இப்போதெல்லாம் விசைப்படகில் ஆழம் காட்டும் கருவி இருக்கிறது, அவர்களாகவே கண்டுபிடித்திருக்கலாம். கஸ்பார் அண்ணன் விஷயத்தில் ஊர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டதோ என்று தோன்றுகிறது. அண்ணனிடம் இதைச் சொல்லிப் பார்.

பிளாகில் சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். அடியில் இருந்த சுட்டியை எடுத்துவிட்டேன், அது தேவையில்லாத அலங்காரம்.

அண்ணன் மாத்திரை போடுகிறாரா? தீபாவளிக்கு வர முடியுமா என்று தெரியவில்லை.

விமல்

*

திருவொற்றியூர் குப்பம்
14 அக்டோபர் 2024

தம்பிக்கு,

இருக்கிறோம். நீ போனை எடுப்பதில்லை. மெயிலுக்கும் பத்து நாள், பதினைந்து நாள் ஆகிறது. உடம்பு சரியில்லையா? சரியில்லை என்றால் சொல், மறைக்காதே.

நீ சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். "கருவி வச்சிகினு கண்டுபுடிச்சா மூணு போட்டு ஒரே நாள்ல வருமா? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது" என்றார்.

கஸ்பார் அண்ணன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்டிராக்ட் ஆளாகத் துரு சுரண்டப் போகிறார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற வேலை என்று தேவகிருபை அண்ணி சொன்னாள். அதையும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. ஏலத்தில் என் பக்கத்தில் உட்காருவாள், இப்போது ஐஸ் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். மற்ற பெண்கள் அவள் கூடைக்கு அருகில் கூடை வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை. அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று வைக்கவில்லை.

படகில் கஸ்பார் அண்ணன் இடத்துக்கு அண்ணனுக்கு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் விரட்டிவிட்டார். ஒருவன் வலையை இடமிருந்து மடிக்கிறானாம், கஸ்பார் வலமிருந்து மடிப்பாராம். துப்பியவருக்கு மடிப்பு மட்டும் அவருடையதே வேண்டும்.

எழுத மனசு வரவில்லை. பிளாகை நீயே பார்த்துக்கொள்.

பவானி

*

புனே
2 நவம்பர் 2024

அக்கா,

நலம் விசாரித்தால் நடிப்பாகிவிடும். நேராகச் சொல்கிறேன்.

பார் இருக்கும் இடம் வெளியே போனது என்னால். சாய்கோடு போட்ட வரிகள் பக்கத்தில்தான் மறைந்தன. மூல எழுத்தில் அப்படியே இருந்தன. அந்த மூல எழுத்தைப் பள்ளிக்கூட குரூப்பில் பெருமைக்குப் போட்டவன் நான். உன்னைக் கெத்து என்று சொன்ன பையனுடைய மாமாவின் படகும் அந்த மூன்றில் ஒன்று. உன் செப்டம்பர் கடிதம் வந்த மறுநாளே எனக்கு இது தெரியும். தெரிந்துதான் கருவி, ஆழம் என்று எழுதினேன். தெரிந்துதான் சுட்டியை அலங்காரம் என்று சொல்லி எடுத்தேன். உனக்கு உண்மையை எழுதிய கடிதம் ஒன்று பாதியில் நிற்கிறது, இதனுடன் சேர்த்து அனுப்புகிறேன், படித்துக்கொள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம். அண்ணன் கடலுக்குப் போய்த்தான் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கையால் கட்டி இறக்கியதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? யார் மீதாவது பழி விழட்டும், ஆறிவிடும் என்று இருந்துவிட்டேன். கஸ்பார் அண்ணன் துரு சுரண்டுகிறார் என்று படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அது அவருக்கு எந்த விதத்திலும் உதவாது என்றும் தெரியும்.

பிளாகின் முதல் பக்கத்திலேயே நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நீ சரி என்றால் இன்றே போடுகிறேன்.

விமல்

*

திருவொற்றியூர் குப்பம்
24 நவம்பர் 2024

விமலுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனது. முதல் வாரம் உன் மேல் இருந்த ஆத்திரத்தில் எழுதியிருந்தால் நீ அதைக் காலத்துக்கும் வைத்துப் படித்திருப்பாய். அதனால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

பிளாகில் மன்னிப்புப் போடுகிறாயாம். நம் குப்பத்தில் அதை யார் படிக்கிறார்கள்? கஸ்பார் அண்ணனைக் கேள்வி கேட்டது கோயில் வாசலில், பொம்பளை பிள்ளைகள் எல்லாம் பார்க்க. நீ சொல்ல வேண்டிய இடமும் அதுதான். புனேயில் உட்கார்ந்து தட்டுவதெல்லாம் தட்டுவது, அவ்வளவுதான்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பார் போன அன்றே எனக்கு அந்த நான்கு வரி ஞாபகம் வந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தேன், இல்லை. இல்லை என்றதும் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எழுதி வைத்தேன் என்பதையே அண்ணனிடம் சொல்லவில்லை. கோயில் வாசலில் "இடம் தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான்" என்று அவர் சொன்னபோது, மூன்றாவதாக நான் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அடுத்த கேள்வி என் போனுக்கு வந்திருக்கும், அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். ஆகவே நீ ஒருவனே பாவி என்று அழுதுகொண்டிருக்காதே, பக்கத்தில் எனக்கும் இடம் விடு.

நேற்று அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். தட்டில் கை வைத்தபடியே கேட்டார். "செரி" என்றார். கையைக் கழுவிக்கொண்டு எர்ணாவூர் பக்கம் நடந்து போனார், கஸ்பார் அண்ணன் வீடு அங்கேதான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

காலையில் தேவகிருபை அண்ணி பக்கத்தில் போய் என் கூடையை வைத்தேன். அவள் தன் கூடையை நகர்த்தவில்லை.

நீ வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உனக்கே தெரிய வேண்டும்.

அக்கா

*

திருவொற்றியூர் குப்பம்
1 டிசம்பர் 2024

விமலு,

அண்ணன் பேசுறேன். பவானி டைப் அடிக்குது. நான் சொல்றத ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு சொல்லிக்கீறேன். நல்லா கீறியா? நேரத்துக்கு துன்றியா? இங்க நானும் உங்க அண்ணியும் நல்லா கீறோம். மாத்திரையும் போடுறேன், போதுமா.

பவானி சொல்லிச்சு. மொத உன் மேல கோவம் வந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். நேர்ல இருந்தா ரெண்டு வச்சிருப்பேன். அப்பால குந்திகினு யோசிச்சேன். நீ வெளிய வுட்டது தெரியாம வுட்டது. தெரிஞ்சப்புறம் மறச்சியே, அத்த பத்தி நீ வந்தா பேசிக்கலாம். பவானியையும் கேக்க வேண்டியது கீது.

ஆனா கஸ்பாரு மூஞ்சில துப்புனது நீ இல்ல. நான். நீ சொல்லி நான் துப்பல, அந்த கம்ப்யூட்டரு சொல்லியும் துப்பல. அன்னிக்கு ஊரு கேட்டதுக்கெல்லாம் அவன் வாயே தொறக்கல. எங்கிட்ட மட்டும் மெதுவா ஒன்னு கேட்டான். பவானிக்கு கேட்டிருக்காது. "ராமு, ஊரு கேக்கட்டும், நீயுமா கேக்குற"ன்னான். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதான் துப்புனேன். பாரு போனா இன்னொன்னு கட்டி எறக்கலாம், தென்னமரத்துக்கா பஞ்சம். இத்த எத்த கட்டி எறக்குறது?

நேத்து ஊர கூட்டி நானே சொல்லிட்டேன். தப்பு என் வூட்டுதுன்னு சொன்னேன். கஸ்பாரு எந்த போட்டுல வேணா ஏறலாம்னு சொல்லிட்டாங்க. ஊருக்கு இன்னா, ரெண்டு நிமிஷ வேல. நீ வந்தா நீயும் அங்க நின்னு உன் வாயால சொல்லணும், அது பவானி சொல்றது, எனக்கும் அதான் நாயம்.

நான் அவன் வூட்டுக்கு போனேன். மொத தபா தெரு மொனையில நின்னேன். உள்ள டிவி ஓடிகினு இருந்துச்சு, அவன் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. கால் வரல, திரும்பி வந்துட்டேன். நேத்து ஊரு கூடி முடிஞ்சப்புறம் மறுபடியும் போனேன். வாசல் வரைக்கும் போயிட்டேன். கதவு சாத்திகினு இருந்துச்சு. கைய தூக்குனேன், தட்ட வரல. எத்தினி காத்துல போட்ட வுட்டுகினு போயிருப்பேன், ஒரு கதவ தட்ட எனக்கு பயமா கீதுடா.

லீவு சொல்லிட்டு வா. திட்ட கூப்டல. ரெண்டு பேரா போனா, ஒருத்தன் திரும்புனா இன்னொருத்தன் சட்டைய புடிச்சு நிறுத்துவான். ஞாயித்துக்கிழம அவன் காலைல சர்ச்சுக்கு பூடுவான், மத்தியானத்துக்கு மேலதான் வூட்ல இருப்பான். நீ வெள்ளிக்கிழமையே ரயிலு ஏறிடு.

உன் அண்ணன்
ராமதாஸ்